துறைமுகப் பலகையின் தார்ப்பாய்

சாலைப் பணியாளர் குடியிருப்பில் பதினான்காம் எண் வீட்டில் வசிக்கிறேன். வயது நாற்பத்தாறு. நெடுஞ்சாலைகளில் வழிகாட்டிப் பலகை நடுவது என் தொழில், அதனால் எல்லோரும் என்னைப் பலகைக்காரர் என்பார்கள். இறந்துபோன ஐஸ் வேன் ஓட்டுநர் என் தங்கையின் கணவர்.

வடக்கு, மேற்கு நெடுஞ்சாலைகளை நகருக்குள் நுழையாமல் துறைமுகத்தோடு சேர்க்கும் புதிய புறவழிச்சாலையில் நான்கு மாதமாக வேலை செய்கிறேன். அதில் கழிமுகத்தின் மேல் பாலம் பாதிதான் முடிந்திருக்கிறது. திறக்காத சாலையின் பலகையைத் தார்ப்பாயால் மூடிக் கட்டுவது எங்கள் வழக்கம். தார்ப்பாயை எடுத்துவிட்டால் சாலை திறந்தாகிவிட்டது என்று பொருள். இது மாப்பிள்ளைக்கும் தெரியும்.

சம்பவத்துக்கு முந்தைய நாள் மாலை நாலரை மணிக்குத் தூறல் விழுந்தது. புறவழிச்சாலை பிரியும் சந்திப்பில் இறக்கியிருந்த சிமென்ட் மூட்டைகள் நனையுமே என்று, அங்கே துறைமுகத்துக்கு வழி காட்டும் பலகையின் தார்ப்பாயை அவிழ்த்து அவற்றின் மேல் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வழியை மறித்திருந்த டிரம்களைக் கலவை லாரிக்காக ஓரம் தள்ளியிருந்ததும் எனக்குத் தெரியும். அதன் பிறகு மழை வலுத்ததால் வீட்டுக்குப் போய்விட்டேன். தார்ப்பாயை அடியோடு மறந்துபோனேன்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு மாப்பிள்ளை போன் செய்தார். "புது ரோட்டுப் பலகை தெரியுது மச்சான். தொறந்துட்டாங்களா? ஊருக்குள்ள போனா ஐஸ் உருகிடும்" என்றார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் திறந்துவிட்டார்களே என்று அதிகாரிகள் மேல் எரிச்சல் வந்தது. "பலகை தெரிஞ்சா ரோடு தொறந்தாச்சு, போங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்து, "ஊருக்கே வழி காட்டுறீங்க, தங்கச்சி வீட்டுக்கு மட்டும் வழி மறந்துபோச்சு. ஞாயித்துக்கெழம வாங்க" என்றார். வருகிறேன் என்றேன்.

அதன் பிறகு முகம் கழுவும்போது தார்ப்பாய் ஞாபகம் வந்தது. ஆறு முறை கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதன் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கடல் மூடுபனி சூழ்ந்திருந்தது. பாலத்தின் முனைக்குக் கீழே வேன் கவிழ்ந்து கிடந்தது. ஐஸ் கட்டிகள் இன்னும் கரையாமல் தண்ணீரில் மிதந்தன. இறங்கிப் போய் அவரைத் தூக்கினேன். உயிர் இல்லை.

அதன் பிறகு, போலீஸ் வருவதற்குள், தார்ப்பாயைப் பலகையில் திரும்பக் கட்டினேன். பயந்துவிட்டேன். அதனால்தான் மூடிய சாலையில் அவர் தூக்கக் கலக்கத்தில் நுழைந்ததாக உங்கள் போலீஸ் அறிக்கையில் இருக்கிறது. அடக்கத்துக்கு வந்தவர்களும் அப்படியே பேசினார்கள். குடித்திருப்பார் என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகையப் பாக்காம வண்டிய திருப்ப மாட்டாரேண்ணா, அன்னைக்கு மட்டும் ஏன் அப்படிப் பண்ணாரு?" என்று கேட்டாள். அவர் இறந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

அவர் தூங்கவில்லை, குடிக்கவில்லை. பலகையைப் பார்த்து, என்னையும் கேட்டுத்தான் போனார். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இதை அவளுக்கு நீங்களே படித்துக் காட்ட வேண்டும்.

இதை எழுதி முடித்தபின் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

(கையொப்பம்)
இறந்தவரின் மச்சான்