இயல்பான நடிப்பு

வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வருகிறது. சினிமா எடுக்க ஆசைப்படும் தோட்ட உத்தியோகத்தருக்கு அது போதாது, சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜூட்சன். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். ஆட்கள் கண்டாக்கையா என்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவது என் பொறுப்பு. அது எனக்குச் சோறு போடும் வேலை. சினிமா நான் சோறு போட்டு வளர்க்கும் வேலை. எழுதுவது, எடுப்பது, ஆள் குறைந்தால் நடிப்பது எல்லாம் நானே. எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை; நானும் யாருக்கும் தருவதில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன்.

கமெரா என் போன்தான். அட்டன் டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்யும் நிரஞ்சன் எடிட்டிங் செய்வான். முதல் படத்தை ஒரு விழாவுக்கு அனுப்பினோம். நடிப்பு இயல்பாக இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதில் தொழிலாளியாக நடித்தது நான். பரவாயில்லை, விமர்சனத்தை ஏற்பதுதான் கலைஞனுக்கு அழகு. அடுத்த படத்துக்கு நிஜத் தொழிலாளிகளையே போட்டேன்.

ஜீவராணியை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது சினிமாக்காரர்கள் பேச்சு. அவள் பல வருஷமாக என் கண்ணெதிரில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், ஒரு மகள். கமெராவைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்த ஒரே ஆள். வாரம் முழுக்க மலையில் நின்றுவிட்டு, ஞாயிறு காலையில் துணி துவைத்து, விறகு பொறுக்கி, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்பாள்.

"இன்னைக்கு நான் அழணுமா, சிரிக்கணுமாங்கய்யா?"

அழச் சொன்னால் அழுவாள். ஒருநாள் முகத்தில் உயிரே இல்லை என்று குறைப்பட்டேன். "களைப்புங்கய்யா, வேறொண்ணுமில்ல" என்றாள். அர்ப்பணிப்பைப் பற்றி அவளுக்குச் சின்னதாக ஒரு வகுப்பு எடுத்தேன். வேலையையும் கலையையும் ஒன்றாகக் கொண்டுபோவது எப்படி என்று என்னைப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சொன்னேன். தலையாட்டினாள். நல்ல பெண்.

படத்தின் கடைசிக் காட்சி குளவி. மலையில் குளவி கலைந்து பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓட வேண்டும். எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். "குளவி!" என்று நான் கத்தினால் ஒருத்தி சேலையைச் சரி செய்துகொண்டு ஓடினாள். இன்னொருத்தி செருப்பை எடுக்கத் திரும்பி வந்தாள். அழகம்மா, பென்ஷன் வயதை எட்டிய பெண், ஓடவே இல்லை. இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"வராத குளவிக்கு எப்புடிங்கய்யா ஓடுறது?"

நியாயமான கேள்வி. அதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

அடுத்த வாரம், மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற செல்லசாமி பெரட்டில் என்னிடம் வந்தான். "ஆறாம் நம்பர் மலையில, அந்த டர்பன்டைன் மரத்துல பெரிய குளவிக்கூடு தொங்குதுங்கய்யா. அங்கிட்டு ஆள விடாதீங்க."

சொன்னதற்கு நன்றி என்றேன். இப்படித் தகவல் வந்தால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்ல வேண்டும், மலையை மூட வேண்டும், கூட்டை அழிக்க ஆள் பார்க்க வேண்டும். நான் துரையிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டதாகச் சொல்லும்படி என் சட்டத்தரணி கேட்டுக்கொண்டார். எனக்கு மறதி கிடையாது, சார். இரண்டு வேலை பார்க்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

செல்லசாமியை வேறு பக்கம் அனுப்பினேன். புதன்கிழமை ஜீவராணியின் கூட்டத்தை ஆறாம் நம்பருக்கு அனுப்பினேன். என் நடிகைகள் சம்பளத்தோடு நடித்தது அன்று மட்டும்தான். இந்த நல்ல அம்சத்தை ஏனோ யாரும் கவனிப்பதில்லை.

நல்ல வெயில். மலைக்கு மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, போனை ஸ்டாண்டில் பொருத்தி ஓட விட்டேன். மழைக் கோட்டும் கையுறையும் போட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். தயாரிப்பாளர் நலமாக இருந்தால்தானே படம் வெளிவரும்? ஜீவராணி கீழேயிருந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்கய்யா, இந்த வெயில்ல கோட்டு? மழ வருதா?"

"வரும் போலத்தான் இருக்கு. நீ வேலையப் பாரு."

முதல் கல் கூட்டில் படவில்லை. இரண்டாவது பட்டது.

இந்த முறை யாரும் செருப்புக்காகத் திரும்பவில்லை. அழகம்மா மட்டும் தடுக்கித் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்தாள். ஜீவராணி தப்பித்து ரோட்டுக்கு ஏறிவிட்டாள், சார். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். திரைக்கதைப்படி அவள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவளோ மறுபடி இறங்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து அழகம்மாவைத் தலையோடு மூடி, அது விலகாமலிருக்க மேலே குப்புறப் படுத்துக்கொண்டாள். அவளை மூட எதுவும் இல்லை. "ஐயா, ஐயா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் எழுதாத காட்சி. எழுதியிருந்தால் மிகைநடிப்பு என்று நானே வெட்டியிருப்பேன்.

ஏன் குரல் கொடுக்கவில்லை, ஏன் கோட்டைக் கொண்டுபோய்ப் போர்த்தவில்லை என்று கேட்டீர்கள். குரல் கொடுத்தால் ஒலிப்பதிவில் விழும். இறங்கிப் போனால் ஃபிரேமுக்குள் வந்துவிடுவேன். அந்தப் படத்தில் எனக்கு வேடம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தோட்டத்து லொறியிலேயே ஜீவராணி இறந்துபோனாள். அழகம்மா பிழைத்தாள். தொழிலாளர் லயத்தில் விதி என்றார்கள். துரை விபத்து என்றார். நான் இரு தரப்புக்கும் தலையாட்டினேன். செத்த வீட்டில் பந்தல் போடவும் முன்னால் நின்றேன். அவள் மகள் என்னிடம் வந்து, "அம்மா நடிச்ச படம் இருக்குங்களாய்யா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

தற்செயலாகப் பதிவானது என்று சொல்லித்தான் நிரஞ்சனிடம் கொடுத்தேன். தொடக்கத்தை வெட்டிவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பெரட்டு, கொழுந்து நிறுப்பு, துரையின் கூட்டம் என்று நேரமே கிடைக்கவில்லை. முழுநேர வேலை ஒரு கலைஞனை எப்படி அழிக்கிறது பாருங்கள். கூடு ஆடுவதற்கு முன்னால் கையுறை போட்ட கை ஒன்று கல்லெறிவதை அவன் பார்த்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே உங்களிடம் வந்துவிட்டான். ஆக, என் படத்தை முழுதாகப் பார்த்த முதல் ரசிகர்கள் பொலிஸ்காரர்கள். உங்கள் சார்ஜன்ட் பாதியில் எழுந்து வெளியே போய் அழுதாராம். ஒரு படைப்பாளிக்கு வேறென்ன வேண்டும்?

கூடு இருப்பது எனக்குத் தெரியும். ஆட்களை அங்கே அனுப்பியது நான். கல்லெறிந்தது நான். நின்று பார்த்ததும் நான். கையெழுத்து வைக்கிறேன், கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம். இறந்தவர் 'கொழுந்து பறிக்கும் தொழிலாளி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு 'கதாநாயகி' என்று போடுங்கள், சார். இந்த உலகத்தில் அவளுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.