ஓடாதீங்க என்று சொன்ன மேற்றன்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தாதியர் நலன்புரிச் சங்கத் தலைவர் ராஜலிங்கம் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் வைத்தியர்களே, மேற்றன் கமலம் அவர்களின் பிள்ளைகளே, கடமை உடையோடு நேராக இங்கே வந்திருக்கும் என் சகோதர சகோதரிகளே, கனத்த மனதோடு உங்கள் எல்லோருக்கும் வணக்கமும் ஸலாமும்.

நான் கலகெதரையில் பிறந்த ஸிஹானா. இன்று ஒரு நோயாளர் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். என்னை அந்தக் கதிரையில் உட்கார வைத்தவர், எங்கள் தாதியருக்கெல்லாம் தலைவியாக இருந்த மேற்றன் கமலம். இந்த மண்டபத்தில் இதே வார்த்தையைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்!

எங்கள் வைத்தியசாலையில் அப்போது தமிழ் பேசும் தாதியருக்கு ஒரு தனி வேலை இருந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து நோயாளி வந்தால், "தமிழ் மிஸ்ஸியைக் கூப்பிடுங்க" என்று குரல் வரும். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். நோயாளியின் தமிழை டாக்டருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த வாட்டிலிருந்து குரல் வரும். இப்படி ஓடிக்கொண்டே இருப்பவளிடம் யார் ஒரு வாட்டைக் கொடுப்பார்கள்? பதவி உயர்வு நேர்முகத்தில், எதற்குப் பொறுப்பாக இருந்தாய் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

வத்தேகமப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த கமலம் அவர்களும் அப்படி ஓடியவர்தான். மேற்றன் ஆன முதல் வாரம், பழக்க தோஷத்தில் ஒரு டாக்டர் கூப்பிட, பழக்க தோஷத்தில் இவரும் ஓடினார். பாதி வழியில்தான் தான் மேற்றன் என்பது ஞாபகம் வந்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் மறுநாளே உத்தரவு வந்தது. மொழிபெயர்க்க அழைக்கப்படும் தாதிதான் இனி அந்த நோயாளிக்குப் பொறுப்பு. டாக்டரிடம் அவளே பேசுவாள், மற்றவர்களுக்கு அவளே வேலை பிரித்துக் கொடுப்பாள். பிடிக்காதவர்கள் தமிழ் படித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பு வந்ததா? வந்தது. மேற்றன் அசைந்தாரா? அசையவில்லை. சனிக்கிழமைகளில் எங்களை உட்கார வைத்து, கூட்டத்தில் எழுந்து பேசவும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லவும் பழக்கினார். சில சிங்களத் தாதியர் அதே வகுப்புக்குத் தமிழ் படிக்க வந்தார்கள். "கூப்பிட்டா ஓடாதீங்க. நடந்து போங்க" என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

அந்த வகுப்பிலேயே அதிகம் பயந்தவள் நிரோஷினி. முதன்முதலில் வாட்டைப் பொறுப்பெடுக்கச் சொன்னபோது, "ஐயோ மேற்றன், பயமா இருக்கு. பெரியவங்க யாரையாச்சும் போடுங்க" என்றாள்.

"பயந்துகிட்டே செய். நான் கென்டீன்ல இருக்கேன். கூப்பிட்டாலும் வர மாட்டேன்" என்றார் மேற்றன்.

போன மாதம் மேற்றன் நோயாளியாக வந்து சேர்ந்தது அதே நிரோஷினியின் வாட்டில். நான் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் சேலைனைச் சரிபார்க்கிறேன் என்று இவர் எழுந்துவிட்டார். நிரோஷினி வந்து முன்னால் நின்றாள்.

"மேற்றன், இங்க பொறுப்பு நான். நீங்க படுங்க."

மேற்றன் மறுபேச்சில்லாமல் படுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியா, என்னையே அதட்டுறா" என்றார். அந்த முகத்திலிருந்த பெருமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இனி சனிக்கிழமை வகுப்பு என்னாகும் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை வகுப்பு உண்டு. நான் நடத்துவேன். எனக்குப் பிறகு நடத்தவும் ஒருத்தியைத் தயார் செய்வேன். இது இந்தச் சபை அறிய நான் தரும் வாக்கு.

நிரோஷினி எங்கே என்று சிலர் தேடுகிறீர்கள். காலையில் பேசினேன். அழுதாள். "சிஸ்டர், வாட்டுல ரெண்டு பேரு சீரியஸா இருக்காங்க. விட்டுட்டு வந்தா மேற்றன் ஏசுவாங்க" என்றாள்.

மேற்றன் அவர்களே, உங்கள் பிள்ளை ஓடி வரவில்லை.