பீடம் வரைக்கும்

அப்பாவின் சவ அடக்கத்தை அவர் எதிரிலேயே, கழுத்தில் சிலுவை போட்ட மகள் பேசி முடிக்கிறாள் என்றுதான் திருவொற்றியூர் பஸ்ஸில் முதலில் நம்பினேன்.

"பெரிய கோயில் வேணாம் நைனா. பீடத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒன்ன நாலு பேரு தூக்கணும்."

எனக்கும் ஒரு மகள் உண்டு. நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

"எம்பொண்ணு கல்யாணம். கையப் புடிச்சி பீடம் வரைக்கும் நான்தான் இட்டுகினு போவேன். எல்லாரும் பாக்கணும்."

"ஹார்பர்ல கால் ஒடஞ்சதுலேர்ந்து வூட்டுலயே செவுத்தப் புடிச்சிகினு நடக்கற. நடுவுல வுழுந்தா? சின்ன கோயில்னா நாலு எட்டு வெச்சா பீடம்."

"மாப்ள வூட்ல இன்னா நெனைப்பாங்க?"

"நீ வுழுந்தா நான் இன்னா நெனைப்பேன்?"

ராயபுரத்தில் மகள் முதலில் இறங்கிக் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். தரையில் கால் பட்டதும், "சின்ன கோயிலே இருக்கட்டும்" என்றார்.