தோளில் இருந்த கை

ஒரகடம் போகும் கம்பெனி பஸ். காலை ஷிப்ட். எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். அவர்களில் ஜன்னலோரம் இருந்த மண்ணூர்க்காரர், மடியில் சர்ச்சின் சிறப்பு மலரை விரித்து ஒரு போட்டோவைக் காட்டினார்.

“கார்டினல் தோள்ல இருக்கறது எங்கப்பா கை.”

பக்கத்துப் பெண் குனிந்து பார்த்தார். “கை மட்டும்தான் கீது, ஆளைக் காணோம். கார்டினல்னா இன்னாக்கா?”

“பிஷப்புக்கும் மேல. போப்பாண்டவரையே இவங்கதான் தேர்ந்தெடுப்பாங்க. சின்ன ஃபாதரா மொதமொத எங்க ஊருக்குத்தான் வந்தாரு. எங்கப்பா உபதேசியாரு, ஃபாதருக்குத் துணையா ஜெபம் சொல்லிக் குடுக்கறவரு. ஊர் ஊரா அவரைச் சைக்கிள்ல இட்டுகினு போனாரு. அப்புறம் ரோமுக்குப் படிக்கப் போயி, பிஷப்பாயி, இப்ப இது. மலர் போடறோம்னு போட்டோ கேட்டாங்க, குடுத்தேன்.”

“ஏன் வெட்டினாங்களாம்?”

“எடம் பத்தலையாம். கீழ பாரு, அரைப் பக்கம் மனை விளம்பரம்.”

“அவருக்குத் தெரியாம செஞ்சிருப்பாங்க.”

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவருகிட்ட காட்டினாங்களாமே.”

ஒட்டுக்கேட்பது தெரியாமலிருக்க நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஒரிஜினல் போட்டோ எங்க?”

“தேடறாங்களாம், மூணு வாரமா. செத்துப்போன மனுசனுக்கு அது ஒண்ணுதான் போட்டோ. ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கார்டினல் வர்றாரு. அவரு மோதிரத்துக்கு முத்தம் குடுக்கறப்ப ஒண்ணு கேக்கப் போறேன்.”

“யாரு வெட்டினதுன்னா?”

“இல்ல. அந்தக் கை யாருதுன்னு.”