இதயப் பாடமும் எரியாத பல்பும்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தோடு ஆலோசனை நடத்திக்கொண்டிருக்கும் தாளாளர் ஐயா அவர்களே! ஓரத்து நாற்காலியில் அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! நிர்வாகக் குழுப் பெரியோர்களே! பெற்ற செல்வங்களை எங்களை நம்பி அனுப்பிவிட்டு, மாலை வரை நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளும் தாய்மார்களே! முன்வரிசையில் முதுகை நிமிர்த்தியும் பின்வரிசையில் கதவைப் பார்த்தும் அமர்ந்திருக்கும் என் சக ஆசிரியர்களே! அனைவருக்கும் இந்தச் சந்தேகப் பிராணியின் வணக்கம்!

ஆம், சந்தேகப் பிராணிதான். வரலாறு நடத்துகிறவன். எந்த மன்னன் எதற்காகச் சிரித்தான் என்று கேட்டுக் கேட்டே காய்ந்துபோன புத்தி. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘துப்பறியும் சார்’. இன்று என்னை வாழ்த்துரைக்கு அழைத்திருக்கிறார்கள். ஏன் அழைத்தார்கள்? சந்தேகமாக இருக்கிறது. பின்னால் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பும் சந்தேகமாகத்தான் இருக்கிறது!

அம்மா இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரமே எங்களுக்குத் தூக்கம் போனது. தலைமையாசிரியர் என்றால் எங்கே இருக்க வேண்டும்? அறையில் இருக்க வேண்டும்! மின்விசிறிக்குக் கீழே, மேசைக்குப் பின்னே, மணியடித்தால் ஆள் வரும் தூரத்தில் இருக்க வேண்டும்! இவரோ வகுப்புக்குள் வருகிறார். வந்தவர் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். உட்கார்ந்தவர் எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை. எழுதினாலாவது என்ன குறை என்று எட்டிப் பார்க்கலாம். எழுதாதவரை எப்படி நம்புவது?

விடுவோமா நாங்கள்? இருமலை ஏற்பாடு செய்தோம். அம்மா வராந்தாவில் கால் வைத்ததும் முதல் வகுப்பறையில் ஓர் இருமல். அதைக் கேட்டு அடுத்த அறையில் ஓர் இருமல். இருமல் வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவரும் நடத்திக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, அவரவர் கைவசம் இருக்கும் காட்சிப் பாடத்துக்குத் தாவுவோம். கண்ணை மூடிக்கொண்டும் நடத்தக்கூடிய, மெருகேற்றி வைத்த பாடம்.

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்கு அது இதயம். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான். டீச்சர், நிமிருங்கள், இன்று உங்கள் நாள்! காந்தம் நடத்திக்கொண்டிருப்பார். இருமல் கேட்கும். சட்டென்று இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அம்மா வரும்போதெல்லாம் இதயம். கடைசியில் பிள்ளைகள் எப்படித் தேறிவிட்டார்கள் தெரியுமா? டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே ஒருத்தி எழுந்து, “நாலு அறை டீச்சர்!” என்று பதில் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது!

அன்று மணியடித்ததும் அம்மா டீச்சரிடம் போனார். நான் பக்கத்து அறைக் கதவோரம் நின்றேன். காற்றுக்காக. சரி சரி, ஒட்டுக்கேட்கத்தான்.

“டீச்சர், இதயம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு வராத பாடம் எது?”

“மேடம்... அதை எதுக்குக் கேக்கறீங்க?”

“அதை நடத்துங்க. நானும் கூட நிக்கறேன்.”

“மின்சுற்றுன்னாலே எனக்குக் கை நடுங்கும் மேடம். பல்பு எரியலைன்னா பிள்ளைங்க சிரிப்பாங்க.”

“எரியலைன்னா நானும் உங்ககூட முழிக்கறேன். ரெண்டு பேரைப் பாத்துச் சிரிக்கட்டுமே.”

உடனே நம்பிவிட்டேனா? நான் நம்புவேனா? பலவீனத்தைக் கறந்துகொண்டு வேலைக்கு வேட்டு வைக்கப்போகிறார் என்று ஆசிரியர் அறையில் அடித்துச் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள், மதிப்பெண் குறைந்த கோபத்தில் ஒரு தகப்பனார் அதே டீச்சரைத் தேடிக் கத்திக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தார். “டீச்சர் கிளாஸ்ல இருக்காங்க. முதல்ல என்கிட்ட பேசுங்க.” கத்தலை எல்லாம் தன் அறையிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். அவரை அனுப்பிவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார். இனி டீச்சருக்குத்தான் அர்ச்சனை என்று சுவரில் காதை வைத்தோம். கேட்டது இவ்வளவுதான்: “அவர் சொன்னதுல பாதி கோபம், பாதி சரி. சரியான பாதியை நாளைக்குப் பேசுவோம். இப்ப முதல்ல டீ குடிங்க.”

அன்றுதான் என் சந்தேகம் முதல்முறையாக என்னையே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு எங்கள் பள்ளியில் இருமல் நின்றது. மருந்தில்லாமல் நின்றது! வராத பாடத்தை வாய்விட்டுச் சொல்ல ஆசிரியர்கள் வரிசையில் நின்றோம். தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியர் சொல்லும் வகுப்பில்தானே, அன்பர்களே, பிள்ளையும் பயப்படாமல் கை தூக்கும்?

இப்போது நேற்றைக்கு வருகிறேன். துண்டுச் சீட்டு வருகிறது. ‘நேரமாகிறது’ என்கிறார் தாளாளர் ஐயா. ஆமாம் ஐயா, நேரமாகிவிட்டது, அதனால்தான் பேசுகிறேன்!

நேற்று நீங்களும் நிர்வாகக் குழுவும் முன்னறிவிப்பின்றி வந்தீர்கள். தலைமையாசிரியை அறையில் நாற்காலி காலி. அம்மா ஏழாம் வகுப்பில் நிற்கிறார். டீச்சர் மேசையில் கம்பிகளைப் பரப்பியிருக்கிறார். வாசலில் உங்களைப் பார்த்துவிட்டார். ஒரே நொடியில் இதயத்துக்குத் தாவியிருக்கலாம்! தாவியிருந்தால் பிள்ளைகள் பாடிக் காட்டியிருப்பார்கள், நீங்கள் பாராட்டிப் போயிருப்பீர்கள். அவர் தாவவில்லை. நடுங்கும் கையோடு கம்பியை முறுக்கினார். பல்பு எரியவில்லை. வகுப்பே எழுந்து வந்து எங்கே தவறு, எங்கே தவறு என்று கூச்சலிட்டுத் தேடியது. நீங்கள் கூச்சலைக் கேட்டீர்கள், திரும்பிவிட்டீர்கள். நீங்கள் வாசலைத் தாண்டியதும் பல்பு எரிந்தது ஐயா. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் என் வகுப்பு மன்னர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்!

மாலையில் ஆசிரியர் அறைக்கு வந்து சொன்னீர்கள்: “எப்பப் பாத்தாலும் அவங்க நாற்காலி காலியா இருக்கு. பிள்ளைங்க கட்டுக்கடங்காம கத்துது. இந்த விழாவோட அவங்களை அனுப்பிடறோம்.”

நான் சந்தேகப்படுகிறேன் ஐயா! காலி நாற்காலியைப் பார்த்த கண், நிறைந்த வகுப்பை ஏன் பார்க்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன்! இவர் போனால் அடுத்த வாரமே அந்த வராந்தாவில் இருமல் தொடங்கும் என்று சந்தேகப்படுகிறேன்! ஏழாம் வகுப்பு இனி ஆயுள் முழுக்க இதயமே படிக்கும் என்று சந்தேகப்படுகிறேன்! அந்த டீச்சர் நேற்று மாலை முழுவதும் அழுதார். “நான் இதயமே நடத்தியிருக்கணும் சார்” என்று என்னிடம் சொல்லி அழுதார். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் உண்மையாக உழைத்ததற்காக அழலாமா?

கைதட்டாதீர்கள். கைதட்டினால் ஐயாவுக்கு என் மேல் சந்தேகம் வரும்.

ஐயா, அடுத்து உங்கள் தலைமையுரை. ஒவ்வோர் ஆண்டும் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். ஒழுக்கம், உழைப்பு, உயர்வு; நீங்கள் நிறுத்தும் முன்பே நாங்கள் கைதட்டுவோம். அது உங்கள் இதயப் பாடம். இன்று அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த முடிவை மாற்றுவது உங்களுக்கு வராத பாடம் என்று ஊருக்கே தெரியும். அதை நடத்துங்கள் ஐயா. இரண்டே சொல்: ‘அவர் இருக்கட்டும்.’ குரல் நடுங்கினால் நடுங்கட்டும். யாரும் சிரிக்க மாட்டோம். நாங்களும் கூட நிற்கிறோம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், என்னைத் தெரிந்தும் பேச அழைத்தவர்களுக்கும் நன்றி கூறி, வணங்கி, ஒலிபெருக்கியைத் தாளாளர் ஐயாவின் கையில் கொடுக்கிறேன். ஆசிரியர்களே, எழுந்து நில்லுங்கள்.