அடுப்பில் எண்ணெய்

— அக்கா, இது மெழுகுவத்தி வாசனையா?

— வேற என்ன? மெழுகுவத்தி ஏத்தியாச்சு, கண்ணை மூடி வேண்டியாச்சு, ஓய்வுநாள் வந்தாச்சு. இனிமே சமையலறைப் பக்கம் உன் புத்தி போகக் கூடாது, ஷேவி.

— கடைசி நாலு டோனட்டை எடுத்துட்டு... ஐயோ. அக்கா, நான் அடுப்பை அணைக்கலை.

— என்னது?

— நீங்கதானே விரட்டினீங்க! ஹனுக்கா பண்டிகை விளக்கை முதல்ல ஏத்து, அப்புறம் ஓய்வுநாள் மெழுகுவத்தி, பொழுது சாயுது பாருன்னு. அந்த அவசரத்துல எண்ணெய் அப்படியே காயுது.

— ஆண்டவனே. எவ்வளவு எண்ணெய்?

— பாதிச் சட்டி.

— எங்க வீட்டுல யாரும் இதெல்லாம் சுடுறதில்ல, கடையிலதான் வாங்குவோம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

— ரெண்டு வருஷமா கடை டோனட்டைத்தானே தின்னேன். உங்க தம்பிக்கு ஒரு தடவை என் கையால சுட்டுக் கொடுக்க ஆசைப்பட்டது தப்பா? சரி, ஒரு நிமிஷம், அணைச்சிட்டு வந்துடறேன்.

— தொடாதே! ஓய்வுநாள்ல தீயை அணைக்கவா போறே?

— பின்ன?

— கீழ் வீட்டு கோடலீவ் அம்மா இருக்காங்களே. அவங்க யூதர் இல்ல, அவங்க அணைக்கலாம். படியில நின்னு கூப்பிடு. ஆனா அணைங்கன்னு வாய்விட்டுச் சொல்லிடாதே, ஏவினா அதுவும் பாவம், ஜாடையாத்தான் சொல்லணும்.

— கோடலீவ் அம்மா! எங்க சமையலறை ரொம்பச் சூடா இருக்கு!

— கொடுத்து வச்சவ கண்ணு! ஆண்ட்வெர்ப் ஊரே விறைச்சுக் கிடக்கு, என் ஹீட்டர் வேற ரிப்பேர்!

— இல்லம்மா, அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கு!

— எரியட்டும், எரியட்டும்! டோனட்தானே? இங்க வரைக்கும் மணக்குது. எனக்கும் ரெண்டு எடுத்து வை, மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்!

— அக்கா, அவங்க கிளம்பிப் போயிட்டாங்க.

— திரும்பி வருவாங்க. காத்திருப்போம்.

— புகை வருது. கறுப்பா.

— வெறும் புகைதான்.

— அப்ப ஏன் என் கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க?

— குளிர்.

— உயிருக்கு ஆபத்துன்னா அணைக்கலாம் அக்கா. எனக்கும் சட்டம் தெரியும்.

— ஆபத்துன்னாத்தான். நாமதான் வெளிய போயிடலாமே. வீடு எரிஞ்சா எரியட்டும்.

— குழந்தை மெண்டெல் உள்ள தூங்குறான்! சமையலறையைத் தாண்டித்தான் அவன் ரூமுக்கே போகணும்!

— அப்ப... அப்ப ஓடிப் போய்த் தூக்கிட்டு வா.

— ஐயோ, சட்டியில தீப்பிடிச்சிடுச்சு! தண்ணி, தண்ணி!

— தண்ணி ஊத்தாதே! ஊத்தினா தீ கூரைக்குத் தாவும், பக்கத்துல இருக்கிறவங்க துணியெல்லாம் பத்திக்கும்!

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும், விடு. போகாதே. அவங்க வந்துடுவாங்க, காத்திரு...

— என் பிள்ளை உள்ள இருக்கான். கையை விடுங்க. பாவம்னா என் தலையில விடியட்டும். விடுங்கன்னா!

— ஷேவி! ஷேவி!

— மூடியைப் போட்டுட்டேன். அடுப்புத் திருகையும் மூடிட்டேன். அணைஞ்சுபோச்சு. பாருங்க, இவன் முழிக்கக்கூட இல்ல. அக்கா? ஏன் தரையில உக்காந்துட்டீங்க?

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— ஒரு மூடி. ஒரு திருகு.

— நாளைக்கு ஜெபக்கூடத்து ரப்பிகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். திட்டுவாரா?

— அணைக்காம நின்னிருந்தாத்தான் திட்டுவார்.

— தெரிஞ்சுமா என்னைத் தடுத்தீங்க?

— எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, ஷேவி. ஹிந்தெலே. நாலு வயசு. இதே மாதிரி ஹனுக்கா வெள்ளிக்கிழமை, இதே மாதிரி எண்ணெய். அவ உள்ள தூங்கிட்டிருந்தா. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் படியில நின்னு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில அப்பா ஓடி வந்து தண்ணி ஊத்தினார். ஹிந்தெலே வெளியவே வரல.

— அக்கா...

— யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மான்னு சொல்லிச் சொல்லியே முப்பது வருஷமா அம்மாவை உயிரோட வச்சிருக்கேன். இப்ப ஜெபக்கூடத்துலேருந்து தம்பியோட வந்துடுவா. புகை வாசனையைப் பிடிச்சு, எப்படிடி அணைச்சீங்கன்னு கேட்பாளே... நான் என்ன சொல்லட்டும்?