ரோசி உக்காந்த இடம்

இல்லண்ணே, கடிக்காது. தைரியமாத் தடவிக் குடுங்க. இந்தா பாருங்க, வாலை ஆட்டுது. ரோசி, சும்மா இரு. அண்ணே சோழவந்தான்லருந்து ஒன்னையப் பாக்கத்தான் வந்திருக்காக.

குலைக்கிறதா? அது கொஞ்சம் கம்மிதாண்ணே. பொய் சொல்லி ஒங்க தலையில கட்ட மாட்டேன். கொடிக்காலுக்குள்ள ஆளு நொழைஞ்சா போயி மோந்து பாத்துட்டு வரும், அம்புட்டுதான். ஆனா இம்புட்டு ஒசரத்துல கருப்பா ஒரு நாயி நின்னா எவன் வெத்தல கிள்ள வருவான், சொல்லுங்க.

காசெல்லாம் வேணாம். நல்லா வச்சுக்கிட்டீகன்னா போதும். உக்காருங்க. வீட்டுக்காரி பால் வாங்கப் போயிருக்கா, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்.

எதுக்குச் சும்மா குடுக்குறான்னு யோசிக்கிறீக. நியாயந்தான். நோயி கீயி ஒண்ணுமில்லண்ணே அதுக்கு.

நான் போலீஸ்ல மோப்ப நாய் பழக்குறதுல இருந்தவன். ரிட்டயர் ஆயி சும்மா கெடந்தப்ப, பசுமலையில ராஜாராம்னு ஒரு டாக்டரு கூப்பிட்டு விட்டாரு. சௌராஷ்ட்ராக்காரரு, வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தவரு. சுருளி, திருடனை மோந்து பிடிக்கிற நாயி கேன்சரை மோந்து பிடிக்காதான்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கேன்சருக்கு என்னா சார் வாசனைன்னேன். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்னாரு.

எப்பிடிப் பழக்குறதா? வேற ஒண்ணுமில்ல, மூத்திரந்தான். சிரிக்காதீக. நல்லா இருக்கவுக மூத்திரம், மூத்திரப் பையில கேன்சர் வந்தவுக மூத்திரம், ரெண்டையும் சின்னச் சின்ன டப்பாவுல ஊத்தி வரிசையா வச்சிருவோம். இது ஒவ்வொண்ணா மோந்துக்கிட்டே போகும். நோயிருக்க டப்பா வந்ததும் அதுக்கு முன்னாடி உக்காந்துரணும். குலைக்கக் கூடாது, பறண்டக் கூடாது. உக்காந்து என் மூஞ்சியப் பாக்கணும். நான் பிஸ்கட்டு குடுப்பேன். மொதல்ல கண்ட டப்பா முன்னாடியெல்லாம் உக்காந்து பிஸ்கட்டு கேட்டுச்சு, கள்ளி. அப்புறம் பிடிச்சுக்கிருச்சு பாருங்க, தப்பு விடுறதே அபூர்வமாப் போச்சு. டாக்டரு சின்னப்பிள்ள மாதிரி கையத் தட்டுவாரு. நோவு தெரியிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா பொழைக்க வச்சிரலாம் சுருளின்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.

நின்னு போச்சுண்ணே. டப்பா குடுத்துக்கிட்டிருந்த ஆஸ்பத்திரியில யோசிக்க ஆரம்பிச்சுட்டாக. நாயி சொல்றத வச்சா வைத்தியம் பாக்கப் போறீகன்னு கேட்டாகளாம். அவரும் எம்புட்டு நாளைக்குத்தான் அலைவாரு? வெளிநாட்டுக்கே திரும்பக் கெளம்பிட்டாரு. போகும்போது சங்கிலிய என் கையில குடுத்து, நீயே வச்சுக்கன்னுட்டாரு.

இங்க அவனியாபுரத்துக்குக் கூட்டியாந்தேன். வீட்டுக்காரி அன்னக்கொடி மொதல்ல மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா. அப்புறம் பாத்தா, கறி எடுத்தா மொத பங்கு ரோசிக்குன்னு ஆயிப்போச்சு.

பெறகு எதுக்குக் குடுக்குறேன்னா... சொல்றேன். அவ வாரதுக்குள்ள சொல்லிருறேன்.

போன மாசி மாசம் அவ கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. ரோசி போயி அவள மோந்து பாத்துச்சு. முன்னாடி உக்காந்துச்சு. உக்காந்து என் மூஞ்சியப் பாத்துச்சு.

என்னமோ திங்கக் கேக்குதுன்னு வெரட்டி விட்டேன். அவ அடுப்படிக்குப் போனா, அங்க போயி உக்காந்துச்சு. துணி காயப்போட மாடிக்கு ஏறுனா, மாடியில உக்காந்துச்சு. அவளுக்கு ஒரே பெருமை. பாத்தீகளா, என்னைய விட்டு நகர மாட்டேங்குதுங்கிறா. எனக்கு அந்த டப்பா வரிசைதாண்ணே ஞாபகம் வந்துச்சு.

மறுநாளே அவளக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வலி இல்ல, ஒண்ணுமில்ல, எதுக்கு வந்தீகன்னு கேட்டாக. நாயி சொல்லுச்சுன்னா சொல்ல முடியும்? ரத்தம் போகுதுன்னு புளுகித்தான் ஸ்கேன் எடுக்க வச்சேன். என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாக. மூத்திரப் பையில ஆரம்பிச்சு ஈரல் வரைக்கும் போயிருச்சாம்.

முன்னாடியே தெரிஞ்சா பொழைக்கலாம்னாருல்ல டாக்டரு. முன்னாடியேதாண்ணே தெரிஞ்சுது. அவளுக்கு ஒரு நோவு நொடி இல்லாதப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன செய்ய?

அவகிட்ட கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெனமும் வாழத்தண்டச் சாறு பிழிஞ்சு, கண்ண மூடிக்கிட்டுக் குடிக்கிறா.

இது இன்னமும் உக்காருதுண்ணே. காலையிலயும் உக்காருது, சாயந்தரமும் உக்காருது. அதுமேல என்ன தப்பு, நான் பழக்குனததான செய்யுது. பிஸ்கட்டு வர வரைக்கும் என்னையவே பாக்கும். அவளும் பாத்துட்டு, பாவங்க, வாயில்லா சீவன், ஒண்ணு குடுங்களேங்கிறா. குடுக்குறேன். என் கையாலதான் குடுக்குறேன். இனிமே முடியலண்ணே.

அந்தா வாரா. பச்சச் சீலை. இருங்க, மூஞ்சியத் தொடச்சுக்கிறேன். ரோசிய அனுப்ப மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா. தீவாளிக்குத் திரும்பக் கூட்டியாருவாகன்னு சொன்ன பெறகுதான் மனசு வந்துச்சு. அதுக்குள்ள கல்லு கரைஞ்சிரும், நானே குளிப்பாட்டி விடுவேங்கிறா. ஆஸ்பத்திரியில தீவாளி வரைக்கும் தாங்குவான்னு சொல்லலண்ணே. ஒங்ககிட்டயும் கேப்பா. கூட்டியாரேன்னு மட்டும் சொல்லிருங்க.

வா அன்னக்கொடி. இவுகதான் அந்த அண்ணே. தீவாளிக்கா? அவுகளையே கேளு, சொல்லுவாக.